ஏற்றம் இருபத்திரண்டே முக்கால், இறக்கம் பத்தரை

விமானம் மேட்டில் ஏறித்தான் நியூசிலாந்துக்குப் போகிறது என்று நான் நான்கு நாள் நம்பியிருந்தேன்.

காரணத்தோடுதான் நம்பினேன். பயணச்சீட்டில் போகிற பக்கம் இப்படி இருந்தது: சனிக்கிழமை காலை 7.15க்குத் திருவனந்தபுரத்தில் புறப்பாடு, ஞாயிறு காலை 6.00க்கு ஆக்லாந்து. கழித்துப் பார்த்தேன். இருபத்திரண்டே முக்கால் மணி நேரம். திரும்பி வருகிற பக்கத்தைப் பார்த்தேன். காலை 10.00க்கு ஆக்லாந்தில் புறப்பாடு, அன்றைக்கே இரவு 8.30க்குத் திருவனந்தபுரம். கழித்தேன். பத்தரை மணி நேரம். அதே தூரம், அதே கம்பெனி, பாதி நேரம்கூட இல்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து மாஞ்சோலைக்குப் பஸ்ஸில் போய் வந்தவன் எவனும் இதற்கு விளக்கம் கேட்க மாட்டான். ஏறும்போது பஸ் முக்கி முனகிக்கொண்டு போகும். இறங்கும்போது டிரைவர் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டபடி வந்து சேருவார்.

இதை எங்கள் ஆசிரியர் அறையில் சொன்னபோது கணக்கு வாத்தியார் சாமுவேல் சார் சோற்று டப்பாவை மூடிவிட்டு யோசித்தார்.

"படத்துல நியூசிலாந்து கீழல்லா இருக்கு? அப்ப போறதுதானே இறக்கம்?"

"அதுதான் சார் எனக்கும் இடிக்குது. எதிர்காத்தா இருக்கும்."

அவர் ஒத்துக்கொண்டார்.

இதில் ஒரு விஷயத்தை மறைக்க முடியாது. நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாகச் சமூக அறிவியல் வாத்தியார். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம், பதினைந்து பாகைக்கு ஒரு மணி நேரம், கிழக்கே போனால் கூட்டு, மேற்கே போனால் கழி. இதைக் கரும்பலகையில் எழுதி எழுதியே என் வலது தோள் ஒரு பக்கமாக இறங்கியிருக்கிறது. அது இரண்டு மதிப்பெண் கேள்வி. பையன்களுக்கு வரும் என்று தெரியும். எனக்கே வரும் என்று யாரும் சொல்லவில்லை.

என்னைக் கரையேற்றியது என் மனைவி செண்பகம். நாங்கள் இருப்பது முக்கூடல். அவள் பத்தாம் வகுப்போடு நின்றவள். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே சொன்னாள்.

"கோமதி தினமும் நம்ம மத்தியானம் ரெண்டரைக்குப் போன் பண்ணுதா. அங்க அப்ப ராத்திரி ஒம்பது. சாப்ட்டு முடிச்சி ஏனம் கழுவிட்டுப் பேசுதா. அவ கடிகாரம் ஆறரை மணி நேரம் முன்னால ஓடுது. மேடும் இல்ல, பள்ளமும் இல்ல. இதத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கீங்களா?"

ஆறரையைக் கழித்தேன், கூட்டினேன். போக, நடுவில் காத்திருப்பதையும் சேர்த்துப் பதினாறேகால் மணி நேரம். வரப் பதினேழு. மேடு மறைந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

கோமதி என் ஒரே தங்கை. பத்து வயது இளையவள். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அவளைத் திசையன்விளையில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு மைத்துனன் மோதிரம் போட வேண்டும். அந்த மோதிரத்தைச் செய்யக் கொடுத்திருந்தது பாளையங்கோட்டையில். தூரம் இவ்வளவு, நேரம் இவ்வளவு என்று கணக்குப் போட்டுத்தான் கல்யாணத்தன்று காலை அதை வாங்கப் போனேன். தாலி கட்டின நேரத்தில் நான் ரயில்வே கேட்டில் ஒரு சரக்கு வண்டியின் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மோதிரம் சட்டைப்பையில் இருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா தன் விரலிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்து, வேறு யாரோ மைத்துனனாக நின்று சடங்கை முடித்துவிட்டார்கள். அந்தப் போட்டோ இன்னும் ஆல்பத்தில் இருக்கிறது. அந்த மைத்துனன் யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் நான் எங்கே கிளம்பினாலும் "மோதிரம் கெளம்பிட்டா?" என்றுதான் கேட்பார்கள். எங்கே போய்ச் சேர்ந்தாலும் "மோதிரம் வந்துட்டா?" துஷ்டி கேட்கப் போன சாவு வீட்டில்கூடக் கேட்டிருக்கிறார்கள்.

கோமதியும் அவள் புருஷன் ஆறுமுகமும் கல்யாணமான வருஷமே ஆக்லாந்து போய்விட்டார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு பெண் பிறந்தது. பெயர் பொருநை. அந்த ஊரில் அதை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பது அவர்கள் கவலை. ஒன்றரை வயதாகிறது. காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் தோடு கொண்டுவர வேண்டும். கோமதி போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அண்ணே, இந்தத் தடவ வந்திருங்க."

முக்கூடலில் எங்கள் ஜோசியர் சங்கரலிங்கம் அண்ணாச்சி நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். 'ஞாயிறு காலை 9 முதல் 10.30க்குள். தாய்மாமன் மடி.' அதைப் படம் எடுத்துக் கோமதிக்கு அனுப்பினேன். அவள் அங்கே காது குத்துகிற ஆளை ஏற்பாடு செய்தாள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

"ஆறு மணிக்கு எறங்கி, ஏழரைக்கு வீட்டுக்குப் போனா, ஒன்றர மணி நேரந்தானே கையில இருக்கு. ஒரு நாள் முந்திப் போனா என்ன?" என்றாள் செண்பகம்.

"எல்லாம் கணக்குப் போட்டிருக்கேன்."

"மோதிரத்துக்கும் கணக்குத்தான் போட்டீங்க."

கிளம்புவதற்கு முன்னால் பள்ளிக்கூடத்து உலகப் படத்தில் நூல் பிடித்துத் தூரத்தையும் அளந்தேன். எங்கள் படத்தில் நியூசிலாந்து இருக்கிற வலது கீழ் மூலையில் ஆணி அடித்திருக்கிறது. வடதீவு ஆணியின் தலைக்கு அடியில். நியூசிலாந்தைக் காட்டு என்றால் பையன்கள் "ஆணிக்குக் கீழ சார்" என்பார்கள். நானும் சரி போட்டுவிடுவேன். நூல் பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல் காட்டியது. முக்கூடலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற டவுன் பஸ் மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் போகும். அந்த வேகத்தில் பதினெட்டரை நாள், டீக்கு நிறுத்தாமல்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வேனில் ஏறினேன்.

"ஏ அண்ணாச்சி, ப்ளேனு நாளைக்குக் காலையிலல்லா?" என்றார் டிரைவர்.

"வழியில ரயில்வே கேட் இருக்கும்."

"இப்ப எல்லாம் பாலம் கெட்டியாச்சு."

"பாலம் இடிஞ்சா?"

அவர் கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். ஆரல்வாய்மொழி வந்ததும் காற்று வேனை ஒரு பக்கமாகத் தள்ளியது. காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. தரையில் நான்கு சக்கரம் ஊன்றி நிற்கிற வண்டிக்கே இந்தக் கதி என்றால், மேலே பிடிமானம் இல்லாமல் போகிறதற்கு என்ன கதி என்று நினைத்தேன். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். தோடு இருந்தது. திருவனந்தபுரம் போய்ச் சேருவதற்குள் பதினேழு தடவை தொட்டிருப்பேன். டிரைவர் எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்து இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தார்.

சனிக்கிழமை காலை விமானம் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. இது எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது.

பக்கத்து இருக்கையில் உவரிக்காரர் ஒருவர். பெயர் லூர்து. சரக்குக் கப்பலில் வேலை. நான் விமானம் மாற வேண்டிய நடு ஊரில் இறங்கிக் கப்பல் ஏறப் போகிறவர். நான் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்திருந்தேன். அதில் ஒன்று அவருடைய முழங்கை.

"மொதத் தடவையா அண்ணாச்சி?"

"தெரியுதா?"

"கைய எடுத்தீருன்னா ரத்தம் ஓடும்."

எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் விமானம் குலுங்கியது. தண்ணீர்க் குவளை தானாக நகர்ந்தது. குலசாமிக்கு என்னவெல்லாம் நேர்ந்துகொண்டேன் என்று இங்கே எழுத முடியாது. அதில் ஒரு கிடாய் என் மச்சினனுடையது.

"இது சும்மா அலை," என்றார் லூர்து. "எங்க வள்ளத்துல ஏறிப் பாரும். இவ்வளவு ஆடலன்னாதான் நாங்க பயப்படுவோம், என்னமோ நடக்கப் போவுதுன்னு."

சாப்பாடு வந்தது. அலுமினியத் தாளைத் திறந்தால் உப்புமா போல ஒன்று இருந்தது. சாப்பிட்டால் கிச்சடி போல இருந்தது. முடித்த பிறகு அது கோதுமை அல்வாவில் இனிப்புப் போட மறந்தது என்று முடிவுக்கு வந்தேன். லூர்து தன் பையிலிருந்து முந்திரிக்கொத்து எடுத்து நீட்டினார். அவர் மனைவி சுட்டது. கல் மாதிரி இருந்தது. ருசியாகவும் இருந்தது. பல்லுக்கு வேலை கொடுத்ததில் பயம் கால்வாசி குறைந்தது.

முன்சீட்டு முதுகில் இருந்த சின்னத் திரையில் படம் ஓடியது. நான் பார்த்த படத்தில் ஒரு வெள்ளை விமானம் நீலத்தில் மெதுவாக நகர்ந்தது. கீழே மிச்சத் தூரம், மிச்ச நேரம். மற்றவர்கள் சண்டைப் படம் பார்த்தார்கள். நான் நாலரை மணி நேரம் இதையே பார்த்தேன். நடிகர் ஒருவர்தான் என்றாலும் விறுவிறுப்பாக இருந்தது.

"வாட்ச்ச மாத்தலியா? எறங்குற எடத்துல ரெண்டர மணி நேரம் கூட," என்றார் லூர்து.

மாட்டேன் என்றேன். ஏற்கெனவே ஒரு தடவை நேரத்தைக் கூட்டிக் கழித்து விமானத்தை மலையேற்றியவன். கையில் முக்கூடல் நேரம் ஒன்றாவது உறுதியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நடு ஊரில் இறங்கினோம். அந்த ஊர் பெயர் வேண்டாம், அதன்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. விமான நிலையத்துக்குள்ளேயே மரம் வளர்த்திருந்தார்கள். மரத்தடியில் உட்கார்ந்து பலகையைப் பார்த்தால், ஆக்லாந்து போகிற விமானத்துக்கு எதிரே சிவப்பில் புது நேரம் எழுதியிருந்தது. எட்டு மணி நேரம் தாமதம். இயந்திரக் கோளாறு என்றார்கள்.

காலை ஆறு மணிக்கு இறங்க வேண்டியவன் மத்தியானம் இரண்டு மணிக்கு இறங்குவேன். நல்ல நேரம் பத்தரைக்கு முடிகிறது. இந்தத் தடவை கூட்டல் உடனே வந்தது.

விசாரணை மேசையில் இருந்த அம்மாளிடம் ஓடினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நிலைமையை விளக்கினேன். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"ஐயா, உங்களுக்கு அவசரமா?"

"அவசரம். நாளை காலை பத்தரைக்குள் ஒரு குழந்தையின் காதில் துளை போட வேண்டும்."

"நீங்கள் டாக்டரா?"

"இல்லை. மாமா. என் மடிதான் வேண்டும்."

அவர் பக்கத்தில் இருந்தவரோடு தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு மிகவும் அன்பாக, முதலுதவி அறை திறந்திருக்கிறது, படுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். கூடவே சாப்பாட்டுக்கு ஒரு சீட்டும் கொடுத்தார்.

லூர்துவைக் கூட்டிப்போக வேண்டிய ஏஜெண்டும் வரவில்லை. இரண்டு பேரும் அந்தச் சீட்டுக்கு நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டோம். விவரத்தைச் சொன்னேன்.

"எங்கள்ல ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பன் வேணும்," என்றார். "அந்தாளு கப்பல்ல மாட்டிக்கிட்டா, பக்கத்துல நிக்கிற ஒருத்தனப் புடிச்சு நிறுத்திருவோம். கோயில் புத்தகத்துல வராதவன் பேரத்தான் எழுதுவாவ. பிள்ள வளர்ந்து வந்தவனப் பாத்தா யாருன்னு கேக்கும்."

"அது சரியாப் போவுமா?"

"பிள்ளைக்குச் சரியாப் போயிரும். வராதவனுக்குத்தான் கொஞ்ச நாளு பிடிக்கும்."

கோமதிக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"நடுவுல."

"நடுவுலன்னா?"

"ப்ளேனு எட்டு மணி நேரம் தாமதம் தாயி. நாளைக்கு ரெண்டு மணிக்குத்தான் அங்க எறங்குவேன்."

போனில் அவளுக்குப் பின்னால் பிள்ளை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

"தோடு எங்க இருக்கு?"

"சட்டைப்பையில."

"ம்."

அந்த 'ம்' பதினான்கு வருஷம் நீளம். நான் பேசுவதற்கு ஒரு வேடிக்கை தேடினேன். எந்த இடத்திலும் எனக்கு ஒன்று அகப்பட்டுவிடும். அன்று அகப்படவில்லை.

"எனக்காக நல்ல நேரத்த விட்ராத. பன்னெண்டு வருஷம் கழிச்சுப் பொறந்த பிள்ள. ஆறுமுகத்தோட சிநேகிதரு, அந்த ஈரோட்டுக்காரரு மடியில வச்சுக் குத்திரு. தோடு பொறவு மாத்திக்கிடலாம்."

"சரிண்ணே," என்றாள். "சாப்ட்டீங்களா?"

"நூடுல்ஸ்."

"சரி. பைய வாங்க."

லூர்துவின் ஏஜெண்ட் வந்தார். மிச்ச முந்திரிக்கொத்தை என் கையில் திணித்துவிட்டு லூர்து போய்விட்டார். எட்டு மணி நேரம் கழித்து எங்களை ஏற்றினார்கள்.

இரண்டாவது விமானம் ஒன்பதே முக்கால் மணி நேரம். குலுக்கல் இதிலும் இருந்தது. எனக்குப் பயம் வரவில்லை. பயப்படுவதற்கு மனசில் இடம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது கையைப் பார்த்தேன். கடிகாரத்தில் இரண்டரை. ஆறரையைக் கூட்டினேன். ஆக்லாந்தில் ஒன்பது. ஈரோட்டுக்காரர் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊசி ஏறியிருக்கும். திரையில் வெள்ளை விமானம் கடலுக்கு மேலேயும் இல்லாமல் கரைக்கு மேலேயும் இல்லாமல் நின்றது. மிச்சத் தூரம் நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.

சாப்பாடு கொண்டுவந்த பெண் என்னைப் பார்த்து, "எல்லாம் சரிதானே ஐயா?" என்றார்.

"காற்றுக் குழாய் கண்ணில் அடிக்கிறது," என்றேன். அவர் எட்டி அதை மூடினார். அது முன்பே மூடித்தான் இருந்தது.

ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு ஆக்லாந்தில் இறங்கினோம். இறங்குவதற்கு முன் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். உணவுப் பொருள் உண்டா? செடி, விதை, இலை உண்டா? பண்ணைக்குப் போனீர்களா? மண் ஒட்டிய செருப்பு உண்டா? நான் எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டேன். ஒன்றுக்கு 'இல்லை' போட்டு மாட்டிக்கொள்வதற்குப் பதில் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்வது என் வழக்கம்.

அதிகாரி ஒரு இளம்பெண். பெட்டியைத் திறந்தார். தேங்காய், வெற்றிலை, வாழைப்பூ மூன்றும் ஒரு தொட்டிக்குள் போயின. அல்வாவைத் தூக்கிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். "இது என்ன, எதற்காக ஆடுகிறது?" என்றார். "கோதுமைப்பால், சர்க்கரை, நெய்," என்றேன். நெய் என்றதும் அதுவும் தொட்டிக்குள் போனது. பிறகு என் செருப்பை வாங்கினார். முக்கூடல் வயல் வரப்பில் மூன்று வருஷம் நடந்த செருப்பு. அடியில் காய்ந்த வண்டல். உள்ளே கொண்டுபோய்ப் பிரஷ் போட்டுக் கழுவி, மருந்து தெளித்து, உறையில் போட்டு இரண்டு கையாலும் கொடுத்தார். எனக்குத் தெரிந்த அரசாங்க அலுவலகங்களில் நிமிர்ந்து பார்ப்பதற்கே மூன்று நடை நடக்க வேண்டும். இங்கே செருப்பைக் கழுவித் தருகிறார்கள். சீக்கிரம் விடுங்கள் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. எதற்குச் சீக்கிரம்?

வெளியே ஆறுமுகம் நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சாதாரணமாகவே அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. பெட்டியை வாங்கி வண்டியில் வைத்தார். பாதி வழி வந்தபிறகு கேட்டேன்.

"முடிஞ்சிட்டா மாப்ள?"

"எது மச்சான்?"

"காதுகுத்து."

"இல்ல."

"ஏன்?"

"உங்க வீட்டம்மா விடல."

நடந்ததை அவர் சொன்னார். ஒன்பது மணிக்கு எல்லாம் தயார். ஈரோட்டுக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளை அவர் மடியில். காது குத்துகிறவர் பஞ்சால் காதைத் துடைத்துவிட்டார். அப்போது கோமதி, "மதினியும் பாக்கட்டும்," என்று முக்கூடலுக்கு வீடியோ போன் போட்டாள். நெடுநேரம் அடித்தது. செண்பகம் எடுத்தபோது திரையில் இருட்டும் ஒரு ஃபேனும்தான் தெரிந்தன.

"ஏட்டி, யாரு செத்தா?" இதுதான் அவள் முதல் கேள்வி.

"யாரும் சாகல மதினி. காது குத்தப் போறோம். நல்ல நேரம், ஒம்பதாச்சு."

"எங்க ஒம்பதாச்சு? இங்க மணி ரெண்டரை. ஜோசியர் எழுதுனது காலை ஒம்பது. இங்க கோழிகூடக் கூவல. பிள்ளைய எறக்கு. விடியட்டும், நான் போயிக் கேட்டுட்டுச் சொல்லுதேன்."

விடிந்ததும் விடியாததுமாகச் செண்பகம் ஜோசியர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அண்ணாச்சி பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"நான் நேரம் பாத்தது முக்கூடல்ல உதிக்கிற சூரியனுக்கு. அங்கன உதிக்கிறது என்ன பழக்கம்னு எனக்குத் தெரியாது. தெரியாத சூரியனுக்கு நான் எப்படித் தாயி நேரம் குறிக்க?"

ஆக, முக்கூடல் ஒன்பது. ஆக்லாந்தில் மாலை மூன்றரை.

நான் கையைத் திருப்பிப் பார்த்தேன். கடிகாரத்தில் எட்டு முப்பத்தைந்து. நேற்றுக் காலையிலிருந்து அது சரியான நேரத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. தாளில் எழுதிய ஒன்பது எந்த ஊர் ஒன்பது என்று கேட்டிருக்க வேண்டிய ஆள் எங்கள் குடும்பத்தில் ஒருவன்தான். அவன் விமானம் எந்த மேட்டில் ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்ல வேளை, அவ போன் போட்டா," என்றேன்.

ஆறுமுகம் வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

"ஒண்ணு சொல்லட்டா மச்சான்? அவ தினமும் மதினிகிட்ட ராத்திரி ஒம்பதுக்குப் பேசுதா. அங்க மத்தியானம் ரெண்டரை. இங்க காலையில ஒம்பதுன்னா அங்க என்ன மணின்னு அவளுக்குத் தூக்கத்துலயும் தெரியும்."

"பொறவு ஏன் போன் போட்டு எழுப்புனா?"

அவர் கைகாட்டி விளக்கைப் போட்டு வண்டியைத் திருப்பினார்.

"எனக்குக் கார் ஓட்டத்தான் தெரியும் மச்சான்."

வீட்டுக்குள் நுழையும்போது சாம்பார் வாசனை. காது குத்துகிறவர் சோபாவில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். ஃபிஜித் தீவிலிருந்து வந்த தட்டார். பெயர் முனியப்பா. பாட்டனுக்குப் பாட்டன் கரும்பு வெட்டப் போனவராம். எந்த ஊர் என்று தெரியாது. அவருக்குத் தெரிந்த தமிழ் 'சோறு', 'சாமி', 'போதும்'. காலை ஒன்பதிலிருந்து அங்கேதான் இருக்கிறார். அதில் மூன்றாவது வார்த்தையை அவர் இன்னும் பயன்படுத்தவில்லை என்று ஆறுமுகம் சொன்னார். ஈரோட்டுக்காரர் காலையிலிருந்து பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு பதவியிலிருந்து விடுபட்டவர் போல எழுந்து கை கொடுத்தார்.

"ஆனா ஒன்னுங்க," என்றார். "இங்கத்த கணக்குல நாலரைக்கு ராகு காலம் வந்துருங்க."

"எந்த ஊரு ராகு?" என்றேன்.

"இந்த ஊரு ராகுங்க."

"அவரு விசா எடுத்து வந்தவரா, இங்கயே பொறந்தவரா?"

ஆறுமுகம், "எதுக்கும் நாலரைக்குள்ள முடிச்சிருவோம் மச்சான். ரெண்டு ராகுவும் கோவிச்சுக்கிட வேண்டாம்," என்றார்.

கோமதி உள்ளேயிருந்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இன்னொரு கையில் போன். போனில் செண்பகம். அவளுக்குப் பின்னால் முக்கூடல் வீட்டு அடுக்களை, நல்ல வெளிச்சம். கோமதி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கழுவின செருப்பைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்துச் சொன்னாள்.

"மோதிரம் வந்துட்டு மதினி."

"இப்ப இங்க மணி எட்டே முக்கால்தான் ஆவுது," என்றாள் செண்பகம். "குளிச்சிட்டு வரச் சொல்லு."

குளித்தேன். வேட்டி கட்டினேன். பாயில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தேன். எது கிழக்கு என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, ஆறுமுகமே காட்டிவிட்டார். பொருநையை என் மடியில் வைத்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள், யார் என்று தெரியவில்லை. சட்டையில்லாத என் நெஞ்சில் சட்டைப்பையைத் தேடினேன். கோமதி தோட்டை ஏற்கெனவே எடுத்துத் தாம்பாளத்தில் வைத்திருந்தாள்.

காலையில் போனை ஏன் போட்டாய் என்று நான் அவளைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

முக்கூடலுக்கும் ஆக்லாந்துக்கும் பதினோராயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். விமானத்தில் மட்டும் பதினான்கு மணி பத்து நிமிடம். வழியில் மேடு எங்கும் இல்லை. பொருநை வலது காதுக்கு ஒரு தடவை அழுதாள், இடது காதுக்கு ஒரு தடவை அழுதாள், நடுவில் என் கையைக் கடித்தாள். முனியப்பா தோட்டைத் திருகி முடித்துவிட்டு "போதும்" என்றார். அப்போது சுவரில் மூன்று முப்பத்தெட்டு. என் கடிகாரத்தில் ஒன்பது எட்டு.